பந்தயம் கட்டி எடை குறைத்தவர்கள் உண்டா?

மனக்கட்டுப்பாட்டை நம்பி என்னால் எடை குறைக்க முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் கொஞ்சம் பெரிய தொகையாக மச்சான் கையில் கொடுத்து, மாதக் கடைசிக்குள் இரண்டு கிலோ இறங்காவிட்டால் பணம் உனக்கே என்று சொல்லிவிட்டேன்.

எடை பார்க்கும் நாள் ஒரே கூத்துதான். பெல்ட், வாட்ச், பர்ஸ் எல்லாம் மேசைக்குப் போய்விடும். தண்ணீர்கூடக் குடிக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறுவேன் (மூச்சைப் பிடித்தால் எடை குறையாதுதான், இருந்தாலும்). மச்சான் குனிந்து எண்ணைப் படிப்பான். ஆரம்பத்தில் பணம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. பத்து கிடைக்கிற சந்தோஷத்தைவிடப் பத்து போகிற வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் டுவர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அந்த வலிக்குப் பயந்தே ராத்திரி சாப்பாடு பாதியானது.

ஒருமுறை எடை பார்க்க இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் ஒரு பெட்டி இனிப்போடு வந்து நின்றான். "சும்மாதான் மச்சான், சாப்பிடு!" நான் தோற்றால் யாருக்கு லாபமோ அவனே நடுவர் என்றால் வேறென்ன நடக்கும்? இப்போது எடை பார்ப்பது அக்கா. தோற்றால் பணம் எனக்கு அறவே பிடிக்காத ஒரு கட்சிக்கு நன்கொடையாகப் போகும். பொருளியலாளர் டீன் கார்லன் கூட்டாகத் தொடங்கிய, பணம் கட்டிச் சபதம் எடுக்கும் ஸ்டிக் (stickK) இணையதளத்தில் இதே மாதிரி ஏற்பாடு உண்டு.

மறுமொழி:
பணம் மாட்டியிருக்கும்வரை சரி, அப்புறம்? அமெரிக்காவில் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. 16 வாரத்தில், சொந்தப் பணம் கட்டியவர்கள் சராசரியாக 14 பவுண்டு குறைத்தார்கள், அதாவது ஆறு கிலோவுக்கு மேல். பணம் சம்பந்தப்படாதவர்கள் 4 பவுண்டுகூட இல்லை. ஏழாவது மாதம் பார்த்தால், இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எங்கள் அலுவலகப் பந்தயத்திலும் அதே கதைதான்.

மறுமொழி:
எனக்குப் பணமெல்லாம் இல்லை, பிஸ்கட்தான் பிரச்சினை. காலையில் ஒன்று தின்றுவிட்டால் போச்சு, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று பாக்கெட்டே காலியாகிவிடும். டயட்டில் இருப்பவர்களின் இந்தப் புத்தியை ஹெர்மன், போலிவி என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-ல் பொருளியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், விருந்துக்கு முன்னால் நண்பர்கள் கொறித்துக்கொண்டிருந்த முந்திரிக் கிண்ணத்தைத் தூக்கி மறைத்தாராம். எல்லாரும் நன்றி சொன்னார்களாம்! நானும் டப்பாவை அலமாரி உச்சியில் வைத்துப் பார்த்தேன். நான் கேட்காமலே பையன் நாற்காலி போட்டு இறக்கித் தருகிறான், எனக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று பேரம் வேறு.