அம்மா கேம்பரில் படுக்க மாட்டாவாம்

சின்னண்ணா: அம்மா அல்கொன்குவின் பார்க்குக்குக் கேம்பிங் வரமாட்டாவாம். இப்பதான் போனில் சொன்னவ. ஓகஸ்ட் சிவிக் ஹொலிடேக்கு இடம் கிடைக்க மார்ச்சிலேயே காலை 7 மணிக்கு எழும்பி இருந்து பிடித்தது.

அக்கா: ஏன் என்று கேட்டியா?

சின்னண்ணா: ஆட்டமாம். இரவில் யாராவது திரும்பிப் படுத்தால் ட்ரக்கின் முதுகில் ஏற்றியிருக்கிற கேம்பர் முழுக்கப் பக்கவாட்டில் ஆடுகிறதாம், தலை சுற்றுகிறதாம்.

மாமி: உண்மைதான். போன வருசம் விடிய விடிய முழிச்சிருந்தவ.

மொன்றியல் சித்தி: யாழ்தேவி ரெயிலில் கொழும்புக் கோட்டை வரைக்கும் நித்திரை கொண்டு போன மனிசி 😄

அம்மா: அது ஓடுற ஆட்டம். இது நிக்கிற ஆட்டம்.

அம்மா: நீங்கள் பிள்ளைகளோடு போய்ட்டு வாங்கோ. நான் வீட்டில் இருக்கிறேன்.

அக்கா: இதுக்குத்தான் அப்பவே ட்ரெய்லர் எடு என்று சொன்னது. யாரையும் கேட்காமல் போய் வாங்கினால் இப்படித்தான்.

சின்னண்ணா: அக்கா, அந்தக் கதை இப்ப வேண்டாம்.

அத்தான்: நான் சொல்லுகிறேன். கொஞ்சம் நீளும், எல்லாரும் வாசியுங்கோ. நிலத்துக்கும் கேம்பருக்கும் நடுவில் மூன்று இடம் நெகிழும். ரயர், பின் ஸ்பிரிங், பிறகு கேம்பரை ட்ரக்கோடு இழுத்துக் கட்டுகிற அந்த நாலு திருகுக் கம்பி. போன முறை இடதுபக்கப் பின் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு விரலால் சுழன்றது. முதலில் அதை இறுக்கு. அடுத்தது ரயர். பக்கச்சுவரில் அதிகபட்சம் 80 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிற ரயரில் 55 வைத்துக்கொண்டு 3,000 இறாத்தலுக்கு மேல் ஏற்றினால் பக்கச்சுவர் பிதுங்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாயத்தான் செய்யும். சாரதிப் பக்கக் கதவைத் திற, பாரத்துக்குப் பின் ரயரில் எவ்வளவு காற்று என்று ஒட்டியிருக்கும்.

மாமி: மட்டன் ரோல்ஸுக்கு யார் ஓடர் சொல்லுகிறது?

அக்கா: மாமி பொறுங்கோ

சின்னண்ணா: ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லருக்குக் கொக்கி போடுகிற இடத்துக்குக் கீழே ஒரு ஜாக் வைத்தேனே அத்தான். பிறகும் ஆடினது.

அத்தான்: நீ வைத்தது நட்டநடுவில். நடுவில் ஒரு கால் நின்றால் முன்பின் குதிப்புக் கொஞ்சம் குறையும், பக்கவாட்டுக்கு ஒன்றும் செய்யாது, அதன் மேலேயே நின்று இரண்டு பக்கமும் சாயும். இடமும் வலமும் அகலத்தில் கால் வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் ட்ரக்கின் அடிச்சட்டத்தில், அந்தச் செசியில், இந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்ட், அந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்ட். அச்சுக்குக் கீழ் வைக்காதே. அங்கே வைத்தால் ரயர் நெகிழ்வு மட்டும்தான் நிற்கும், ஸ்பிரிங் மேலே தன்பாட்டுக்கு ஆடும். அதைவிட நல்லது கேம்பரின் சொந்தக் கால் நாலும், அவைதான் எல்லாவற்றையும்விட அகலமாக நிற்கிறவை.

சின்னண்ணா: அதை இறக்கவே கூடாது என்று வாங்கின இடத்தில் சொன்னவை.

அத்தான்: தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பினம். கம்பி கட்டியிருக்கும்போது கால்களை ஏற்றிக்கொண்டே போனால் கேம்பர் ட்ரக்கையும் சேர்த்து இழுக்கும், கொளுக்கி பிய்யும், கால் வளையும். நிலத்தில் தொட்டபிறகு ஒரு சொட்டு மட்டும். ட்ரக் பின்பக்கம் கொஞ்சம் இலேசானது தெரிந்தால் அதோடு நிறுத்து, ரயர் நிலத்திலேயே பாரத்தோடு இருக்கவேண்டும். காலுக்குக் கீழே அகலப் பலகை போடு. அங்கே நிலம் மணலும் பைன் சருகும், இரவில் ஒரு கால் புதைந்தால் அதன் பாரம் மற்றதுகளில் ஏறும். விடிந்ததும் நாலையும் தட்டிப் பார். இதெல்லாம் ட்ரக்கை மட்டப்படுத்தி, ஹான்ட் பிரேக் போட்டு, சில்லுக்கு அணை வைத்தபிறகுதான்.

மொன்றியல் சித்தி: அப்பாடா

நான்: வெளிக்கிடும்போது காலைத் தூக்க மறந்தால்?

அத்தான்: அதுதான் எனக்கும் பயம். ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டாமல் ஒருத்தரும் கால் இறக்கக் கூடாது. நான் அங்கே நிற்பேன், பார்ப்பேன்.

சின்னண்ணா: சரி. ஆனால் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை, அந்த எயர் பாக் போட்டிருக்கே, அதுக்குக் காசு கொடுத்தது வீணா?

அத்தான்: காற்றடிக்கிற வால்வு ஒன்றா இரண்டா? பம்பருக்குக் கீழ் பார்த்துப் படம் அனுப்பு.

நான்: ஞாயிறு அரங்கேற்றத்துக்கு ஒரே கவரில் கொடுக்கிறோமா, தனித்தனியா?

அக்கா: தனித்தனி. போன முறை ஒரே கவரில் கொடுத்து யார் யாருக்கு எவ்வளவு என்று இன்னும் முடியவில்லை.

மாமி: நான் அப்பவே கொடுத்துவிட்டேன்.

அக்கா: உங்களைச் சொல்லவில்லை மாமி

சின்னண்ணா: 📷 ஒன்றுதான். அதிலிருந்து குழாய் இரண்டாகப் பிரிகிறது.

அத்தான்: அங்கேதான் பிழை. இரண்டு பையும் ஒரே காற்று. இடப்பக்கம் சாய்ந்தால் இடது பை நசுங்கி அந்தக் காற்று வலதுக்கு ஓடும், வலது எழும்பும், சாய்வு இன்னும் கூடும். பிரித்து இரண்டு வால்வு போடவேண்டும், எங்கள் கராஜில் செய்யலாம். இடமும் வலமும் இணைக்கிற அந்த ஸ்வே பாரும் ஒரு நாள் போட்டால் ஹைவேயிலும் நல்லது, ஆனால் ரயர் நெகிழ்வை அது நிறுத்தாது, கால் எப்படியும் வேண்டும். சனி காலை கொண்டுவா.

அக்கா: சனி மண்டபம் சோடிக்கப் போகவேணும். நீங்களும்தான்.

அத்தான்: அது பின்னேரம்தானே.

அக்கா: காலமை.

மொன்றியல் சித்தி: அம்மாவை எங்கே படுக்க வைத்தனீங்கள்? மேலேயா?

சின்னண்ணா: ஓம், கபினுக்கு மேலே உள்ள பெரிய கட்டிலில். அதுதானே நல்ல கட்டில்.

அத்தான்: உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடத் தெரியும். கீழே மேசையை மடித்துப் போடுகிற கட்டிலைக் கொடு. பின் படியையும் கேம்பரில் தொங்க விடாதே, நிலத்தில் நிற்கிற படி ஒன்று வை. இரவில் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக இறங்கும்போது முழுதும் குலுங்குகிறது.

அம்மா: மேலே ஏற முழங்கால் விடாது என்று அப்பவும் சொன்னேன். கீழே மருமகன் படுக்கவேணும் என்றார்கள்.

அக்கா: 🙄

அத்தான்: அம்மா, நான் ரென்டில் படுப்பேன். நீங்கள் வரவேணும்.

மாமி: ரென்டில் சாப்பாடு வைக்காதையுங்கோ, கரடி வரும். எல்லாம் வாகனத்துக்குள் பூட்டவேணும்.

நான்: அம்மா, இப்ப வருவீங்களா?

அம்மா: முதல் செய்து போட்டு வீட்டு வாசலில் ஒரு இரவு நிப்பாட்டுங்கோ. நான் படுத்துப் பார்த்துத்தான் சொல்லுவேன்.

சின்னண்ணா: எங்கள் வாசலில் இரவில் நிப்பாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார்.

அக்கா: எங்கள் வாசலில் நிப்பாட்டு.

அத்தான்: அப்ப வெள்ளி பின்னேரம் கராஜ், இரவு எங்கள் வாசல். பலகை என்னிடம் இருக்கிறது, ஸ்டாண்ட் உன்னிடம் எத்தனை?

சின்னண்ணா: வெள்ளி வேலை 7 மணிக்குத்தான் முடியும். பார்த்துச் சொல்லுகிறேன்.

மாமி: ரோல்ஸ் 60 சொல்லவா, 80 சொல்லவா?