மார்ஃபினும் எலியும்: இடவிருப்பச் சோதனையில் தடுப்பான் மருந்து கொடுப்போர் கண்டவை

இடவிருப்பச் சோதனை என்பது, மருந்து பெற்ற அறையை எலி பிறகு நாடுகிறதா என்று பார்ப்பது. முதல் நாள் ஊசியில்லாமல் 15 நிமிடம், எலி எந்த அறையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பது. அடுத்த 8 நாள் ஒருநாள் மார்ஃபின், மறுநாள் உப்புநீர். மார்ஃபினுக்கு ஓர் அறை, உப்புநீருக்கு இன்னொன்று, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம் அடைப்பு. பத்தாம் நாள் மறுபடி ஊசியில்லாமல் சோதனை. தோலடியில் கிலோவுக்கு 5 மி.கி. பெரும்பாலும் போதும். வாங்குவது சல்ஃபேட் உப்பென்றால் அதில் மார்ஃபின் முக்கால் பங்குதான். எடை உப்பினுடையதா மார்ஃபினுடையதா என்று எழுதாத குறிப்பேடு பிறகு யாருக்கும் உதவாது. முதல் நாளே ஓர் அறையில் 80 விழுக்காட்டுக்கு மேல் உட்கார்ந்துவிடும் எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வெள்ளை எலிக்கு இருட்டு அறை இயல்பிலேயே பிடிக்கும். அதனால் பாதி எலிகளுக்கு மார்ஃபின் இந்த அறையில், மீதிக்கு அந்த அறையில்.

*

மார்ஃபின் முக்கியமாக ஒட்டுவது மூளைச் செல்களிலுள்ள மியூ ஏற்பியில். நாலாக்சோன் அதை அடைக்கும் தடுப்பான். அதைக் கொடுக்கும் நேரம்தான் அதிகம் குழப்புவது. எலியை அறையில் அடைப்பதற்கு 10-15 நிமிடம் முன் கொடுத்தால் கற்றலைத் தொடுகிறீர்கள். பத்தாம் நாள் சோதனைக்கு முன் கொடுத்தால், ஏற்கெனவே கற்றது வெளிப்படுகிறதா என்பதை மட்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு "மியூ ஏற்பி இல்லாமல் இன்பமில்லை" என்று முடித்துவிடுவதுண்டு. மியூ ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மார்ஃபின் இடவிருப்பம் உண்டாகவில்லை என்று 1996இல் காட்டியது உண்மை. ஆனால் அது பிறவியிலேயே இல்லாத ஏற்பி, உங்கள் ஊசி அப்படியல்ல. நாலாக்சோனின் பிடி சீக்கிரம் தளரும், மார்ஃபின் அதற்குப் பிறகும் நிற்கும். அறையில் நீண்ட நேரம் அடைப்பதானால், அதிக நேரம் நிற்கும் தடுப்பானான நால்ட்ரெக்சோன் நல்லது.

*

மேலே சொன்னதில் ஒரு குழு விடுபட்டிருக்கிறது: நாலாக்சோன் மட்டும் பெறும் எலிகள். நாலாக்சோன் தனியாகவே அறையை வெறுக்க வைக்கும். மார்ஃபினுக்கு அடிமைப்பட்ட எலியில் மிகச் சிறிய அளவே போதும். விருப்பம் குறைந்தது தடுப்பாலா, வெறுப்பு கூடியதாலா என்று அந்தக் குழு இல்லாமல் பிரிக்கவே முடியாது. மியூவின் இனத்தைச் சேர்ந்த காப்பா ஏற்பியை அடைக்கும் நார்-பிஎன்ஐ என்ற தடுப்பான் வேறு வகை: மெதுவாகப் பிடிக்கும், வாரக்கணக்கில் விடாது. அதை ஒரு நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். அதே எலியை மறுவாரம் ஒப்பீட்டுக் குழுவில் வைக்கக் கூடாது.

*

மூளைக்குள் நேரடியாகச் செலுத்துவோருக்கு: நடுமூளையில் டோபமைன் செல்கள் உள்ள வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில், மியூ ஏற்பி பெரும்பாலும் பிற செல்களை அடக்கும் காபா செல்களில் இருக்கிறது. மார்ஃபின் அவற்றை அடக்க, இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைனைச் சுரக்கும் செல்களின் கடிவாளம் தளர்கிறது. பகுதி சிறியது, நடுக்கோட்டை ஒட்டியது. கான்யூலாவை (மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) 10 பாகை சாய்த்து இறக்கினால் நடுவிலுள்ள இரத்தக்குழாயைத் தவிர்க்கலாம். மூளையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை மைக்ரோலிட்டர், ஒரு நிமிடத்தில். பிறகு ஊசியை இன்னொரு நிமிடம் அப்படியே விடுங்கள். உடனே உருவினால் மருந்து குழாய்த் தடத்திலேயே மேலே ஏறிவிடும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி விட்டு அது நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது, எலிக்கு எதுவும் போகவில்லை. ஒரு மி.மீ. மேலே செலுத்திய குழுவும் வேண்டும். சாயமேற்றிய மூளைத் துண்டில் முனை தவறிய எலியை, முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும், நீக்க வேண்டியதுதான்.

*

டோபமைன் பக்கம் வந்தால் எலியின் முன்வரலாறு முக்கியம். உணர்ச்சி நினைவுகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவின் அடிப்பக்கப் பகுதியில், முன்பு மார்ஃபின் அறியாத எலியின் இன்ப நினைவுக்கு டி1 என்ற டோபமைன் ஏற்பி தேவை. அடிமைப்பட்டு மருந்து நிறுத்தப்பட்ட எலியில் அந்த வேலை டி2 என்ற இன்னொரு டோபமைன் ஏற்பிக்கு மாறிவிடுகிறது. ஒரே தடுப்பான் இரு ஆய்வகங்களில் எதிரெதிர் விடை தந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். டி1-ஐ அடைக்கும் எஸ்சிஎச் 23390 சில செரட்டோனின் ஏற்பிகளிலும் ஒட்டும், அளவு கூடினால் எலி அசையாமல் கிடக்கும். கிலோவுக்கு 0.05 மி.கி.க்கு மேல் போவதற்கு முன், அந்த அளவில் எலி அறைகளுக்கிடையே எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணிவிடுங்கள்.