ஏஞ்சல் மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம்?
வணக்கம். இரண்டரை அடி மீன் தொட்டி, ஒன்றேகால் அடி உயரம், சுமார் 80 லிட்டர் தண்ணீர். ஃபில்டர் ஓட ஆரம்பித்து நாலு வாரம் ஆகிறது, இன்னும் மீன் விடவில்லை. போர்வெல் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. அதனால் கப்பி, பிளாட்டி, மோலி ஒத்துவரும் என்று நினைக்கிறேன். மென்னீர் (உப்பு குறைந்த தண்ணீர்) கேட்கும் நியான் டெட்ராவை விட்டுவிட்டேன்.

மகளோ ஏஞ்சல்தான் வேண்டும் என்கிறாள். போன முறை கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலு டைகர் பார்ப் மீனை ஏஞ்சலோடு விட்டேன். ஒரே வாரத்தில் ஏஞ்சலின் நீளத் துடுப்பெல்லாம் கிழிந்த ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது, பாவம்.

இந்தத் தொட்டிக்கு ஒரு ஏஞ்சல் தாங்குமா? கப்பிக் குஞ்சுகளைத் தின்னும், சரி. பெரிய கப்பியையும் விடாதா? அடியில் மேய ஆறு கோரிடோராஸ் (சின்னக் கெளுத்தி மீன்) விடலாமா, இந்த உப்புத் தண்ணீரில் பிழைக்குமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க சென்னை கொளத்தூர் சந்தைக்குப் போகிறேன்.