கூடப் படித்தவன் கேட்டான் என்று கோட் கொடுத்துவிட்டேன், வாட்ஸ்அப் போச்சு. அவசரம்!

கொரடாச்சேரிக்காரன் | வெள்ளி, காலை 7:12
யாராவது உதவுங்கள். கூடப் படித்தவன், இருபது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை, நேற்று ராத்திரி திடீரென்று வாட்ஸ்அப்பில் வந்தான். ஒரு கோட் தப்பாக உன் நம்பருக்கு வந்துவிட்டது, அனுப்புடா என்றான். அனுப்பினேன். காலையில் திறந்தால் நம்பர் போடச் சொல்கிறது. போட்டாலும் உள்ளே விடவில்லை. போனில்தான் பேங்க் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

பாதிராத்திரி | 7:20
உள்ளே விடவில்லை என்றால் திரையில் என்ன வருகிறது? அதை அப்படியே எழுதுங்கள். ஆண்ட்ராய்டா, ஐபோனா? அந்த கோட் வாட்ஸ்அப் அனுப்பியதா, பேங்க் அனுப்பியதா? பேங்க் ஓடிபி என்றால் கதையே வேறு.

சிம்சிங்கம் | 7:24
இது சிம் விவகாரம். உங்கள் பெயரில் எவனோ டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டான். இப்போதே கடைக்குப் போய் சிம்மை மாற்றுங்கள். கால் ஃபார்வர்ட் போட்டிருப்பான், ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள்.

மூத்தவர் | 7:31
இதே கேள்விக்கு இங்கே நான் எத்தனை முறை பதில் எழுதிவிட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அழகுக்கு வைக்கவில்லை. கோட் வரும் எஸ்எம்எஸ்ஸிலேயே யாருக்கும் தராதே என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்தானே நீங்கள்?

தோசைமாவு | 7:33
ஐயா, மனுஷன் பதறிப்போய் வந்திருக்கிறார். முதலில் வழி சொல்லுங்கள், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கொரடாச்சேரிக்காரன் | 7:40
ஆண்ட்ராய்டு. கோட் 6 இலக்கம், வாட்ஸ்அப் என்றுதான் இருந்தது. டவர் இருக்கிறது, கால் வருகிறது. இப்போது எஸ்எம்எஸ் கோட் போட்டால் ஏற்றுக்கொள்கிறது, அதன் பிறகு பின் கேட்கிறது. நான் எந்தப் பின்னும் வைக்கவில்லை. ஏடிஎம் பின் கூடப் போட்டுப் பார்த்துவிட்டேன்.
இன்னொன்று. அவன் என்னை "கோந்து" என்று கூப்பிட்டான். அது ஸ்கூலில் வைத்த பெயர். என் மனைவிக்கே தெரியாது. அதனால்தான் நம்பினேன்.

மூத்தவர் | 7:43
ஏடிஎம் பின்னை அங்கே எதற்கய்யா போட்டீர்கள்?

பாதிராத்திரி | 7:52
டவர் இருந்தால் சிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பின் திருடன் வைத்தது. உங்கள் கோட்டை வைத்து உள்ளே போனதும் இரண்டு படிச் சரிபார்ப்பை அவனே போட்டுவிட்டான். நீங்கள் திரும்பி வந்தாலும் வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் திட்டம். பின் தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.
ஆனால் நீங்கள் எஸ்எம்எஸ் கோட் போட்ட அந்த நிமிடமே அவனும் வெளியே வந்திருப்பான். இப்போதைக்கு இரண்டு பேரும் வெளியே, வீடு பூட்டிக் கிடக்கிறது. இனி கோட் கேட்டு எவன் போன் செய்தாலும் வாயைத் திறக்காதீர்கள். பழைய சாட் அவன் கைக்குப் போயிருக்காது, அது உங்கள் போனிலும் பேக்கப்பிலும்தான் இருக்கும். குரூப்புகளும், அவன் உள்ளே இருந்த நேரத்தில் வந்த மெசேஜ்களும் மட்டும் தெரிந்திருக்கும்.
பட்டப்பெயருக்கு வருகிறேன். நீங்களும் அந்த நண்பரும் ஒரே குரூப்பில் இருக்கிறீர்களா?

கொரடாச்சேரிக்காரன் | 7:58
ஆமாம், பத்தாம் வகுப்பு குரூப். அவன் அதில் வாயே திறக்க மாட்டான். புதன்கிழமை என் பிறந்தநாள், எல்லாரும் கோந்துக்கு வாழ்த்து, கோந்துக்கு வாழ்த்து என்று போட்டுத் தள்ளினார்கள்.

பாதிராத்திரி | 8:01
சரியாப்போச்சு. நண்பர் கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருக்கிறது. அவர் பெயரில் திருடன் உட்கார்ந்து வாழ்த்தெல்லாம் படித்திருக்கிறான். குரூப் அட்மினுக்கு சாதாரணக் கால் போட்டு உங்கள் நம்பர், நண்பர் நம்பர் இரண்டையும் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நண்பருக்குப் போன் செய்தீர்களா?

கொரடாச்சேரிக்காரன் | 8:03
நம்பர் வாட்ஸ்அப்பில்தானே இருந்தது.

தோசைமாவு | 8:05
உங்கள் பெயரைச் சொல்லி யாரிடமாவது பணம் கேட்டானா? சொந்தக்காரர்களுக்கு ஒரு சுற்று போன் போட்டுவிடுங்கள். எங்கள் சித்தப்பா கணக்கு போனபோது பேங்கைத் தொடவே இல்லை, தெரிந்தவர்களிடம்தான் கைநீட்டினான்.

எதற்குவம்பு | 8:30
இதனால்தான் பழைய ஆள் யார் வந்தாலும் நான் பதிலே போடுவதில்லை. இருபது வருடம் இல்லாத அக்கறை இப்போது எதற்கு?

கீழவீதி | 8:46
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். போன வருடம் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளின் நம்பரைத் தேடிப் பிடித்து, "எப்படி இருக்கே?" என்று போட்டேன். "எவ்வளவு வேணும்?" என்று பதில் வந்தது. அழுகையே வந்துவிட்டது. வார்டன் வீட்டுப் பூனைக்கு அவள் வைத்த பெயரை எழுதினேன். அடுத்த நிமிடம் போன் வந்தது, ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

எதற்குவம்பு | 8:50
உங்களுக்குப் பூனை இருந்தது. எல்லாருக்கும் இருக்குமா? எந்த ஸ்கூல், எந்த வருடம் என்று கேட்டால் ஆகாதா?

கீழவீதி | 8:53
அதெல்லாம் நாமே முகநூலில் எழுதி வைத்திருக்கிறோம், வகுப்பு போட்டோ வரைக்கும். எங்கேயும் எழுதாத ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

மூத்தவர் | 9:02
குரலையே போலியாகச் செய்கிற காலம் அம்மா இது. போன் வந்தது, அதனால் அவள்தான் என்கிறீர்களே.

கீழவீதி | 9:04
ஒன்றரை மணி நேரம் என் மாமியாரைப் பற்றிப் பேசினாள் சார். அதை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது.

சிம்சிங்கம் | 9:10
பேச்சு எங்கேயோ போகிறது. ##002# அடித்தாரா இல்லையா?

பாதிராத்திரி | 9:15
அடித்தால் ஒன்றும் கெடாது. கோட்டைக் காலாகவும் கேட்டு வாங்கலாம், அந்தக் காலைத் திருப்பிவிட்டிருந்தால் அவனுக்குப் போகும். ஆனால் இங்கே நடந்தது அதில்லை, அவரே டைப் அடித்துக் கொடுத்தார்.

கொரடாச்சேரிக்காரன் | 11:37
அத்தை 12,000 அனுப்பிவிட்டார்களாம். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பேச முடியாது, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள் என்று கேட்டானாம். ராத்திரி 11 மணிக்கு. என்ன செய்ய?

பாதிராத்திரி | 11:40
அத்தையை உடனே 1930க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அழைக்கச் சொல்லுங்கள். பணம் போனது அவர் கணக்கிலிருந்து, அதனால் அவர் விவரம்தான் கேட்பார்கள். ஜிபேயில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்க யூபிஐ எண் ஒன்று இருக்கும், அதைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பணம் அந்தக் கணக்கிலேயே இன்னும் கிடந்தால் நிறுத்தி வைக்க முடியும், அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துவிட்டால் கஷ்டம். அவருடைய பேங்குக்கும் சொல்ல வேண்டும்.

மூத்தவர் | 11:48
12 மணி நேரம் ஆகிவிட்டது. இனி என்ன கிடைக்கப்போகிறது?

தோசைமாவு | 11:50
உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?

தோசைமாவு | திங்கள், மாலை 6:15
அண்ணா, என்ன ஆச்சு? அத்தை புகார் கொடுத்தார்களா?

கொரடாச்சேரிக்காரன் | அடுத்த சனி, காலை 9:20
எல்லாருக்கும் நன்றி. நேற்று உள்ளே போய்விட்டேன், என் பின் வைத்தாயிற்று. அத்தை பணத்தில் 4,000 நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், மீதி போய்விட்டது. அதை நான் கொடுக்கிறேன் என்றேன், அத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள், பேசவும் மாட்டேன் என்கிறார்கள்.
நண்பன் நம்பர் வேறொருவன் மூலம் கிடைத்தது, பேசினேன். கோந்து பேசுகிறேன்டா என்றேன். "எந்தக் கோந்து?" என்கிறான்.

சிம்சிங்கம் | 9:41
சிம் மாற்றினீர்களா?