மறுமொழி: 'பியர் டியூட்டரிங்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம் ஐயா, அக்கா. ஒரே வகுப்பு மாணவர் ஒருவர் இன்னொருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் 'பியர் டியூட்டரிங்'. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'ஒப்பார் கற்பித்தல்' போதுமே. தமிழகத்து ஆசிரியர் பயிற்சி நூல்களில் 'ஒப்பார் குழு' என்று இருக்கிறது.

இருக்கிறதுதான் ஐயா. இங்கே மலேசியாவில் மூன்றாம் படிவத்து (ஒன்பதாம் வகுப்பு)ப் பையன்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், மேசையைத் தட்டி ஒப்பாரி வைத்துவிடுவார்கள்!

> 'சட்டாம்பிள்ளை முறை' நம் மண்ணின் சொல்.

எனக்கும் இதில் ஆசை உண்டு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்து, 1797இல் அதை நூலாகவும் எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஆனாலும் இன்று சட்டாம்பிள்ளை என்றால் அதிகாரம் பண்ணுகிறவன். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைகள் அதைப் 'பெங்காவாஸ்' (மலாயில் மாணவர் கண்காணிப்பாளர்) என்றே புரிந்துகொள்வார்கள், பெயர் எழுதிக் கொடுப்பவனிடம் யார் சந்தேகம் கேட்பார்கள்? மலாயில் ஒத்த வயதுத் தோழரைக் குறிக்கும் 'ரக்கான் செபாயா'வைத் தமிழாக்கவும் வழியில்லை, அது பள்ளிகளில் ஆலோசனைக் குழுவின் பெயராகிவிட்டது.

வகுப்பில் நடப்பது வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை கணிதத்தைத் தமிழில் படித்தவன், மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் 'கெம்பாங்கான்' என்ற சொல்லைப் பார்த்ததும் முழிக்கிறான். 'சிக்கு'விடம் (ஆசிரியரிடம்) கேட்க வெட்கம். பக்கத்து நாற்காலிப் பெண் "டேய், விரிச்சு எழுதச் சொல்றாங்க, அவ்வளவுதான்" என்கிறாள். அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண்ணை முதல் உறுப்போடு பெருக்கிவிட்டு அவன் நிறுத்தும்போது, பென்சில் முனையால் இரண்டாவது உறுப்பைத் தட்டுகிறாள். போன மாதம் அவளும் அங்கேதான் நின்றாள். மலாய்க் கட்டுரை எழுதும் நாளில் அவன் ஆசிரியன், இவள் மாணவி.

ஆகவே 'கற்பித்தல்' ஒருபக்கமாகச் சாய்கிறது. 1982இல் கல்வி ஆய்வாளர்கள் கோஹெனும் குலிக் தம்பதியரும் மாணவர்க்கு மாணவர் சொல்லிக்கொடுப்பது பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொல்லிக்கொடுத்த மாணவர்களும் அந்தப் பாடத்தில் தேறியிருந்தார்கள். 'பயில்', 'பயிற்று' இரண்டும் ஒரே வேர். என் பரிந்துரை: உடன்பயிற்றல்.

சொல்லிக்கொடுப்பவர் உடன்பயிற்றுநர். இடம் மாறிக்கொண்டால் முறைமாற்று உடன்பயிற்றல். ஐந்தாம் படிவத்தார் முதலாம் படிவத்தாருக்குச் சொல்லித் தருவதை இதில் சேர்க்க வேண்டாம், அங்கே மூப்பு வந்துவிடுகிறது.

---

தம்பி, 'உடன்' என்றால் 'உடனே' என்று படிக்க மாட்டார்களா? 'உடன்பயிற்சி' என்று யாராவது சுருக்கினால் அவசர டியூஷன் மாதிரி ஆகிவிடும். 'சகமாணவர் பயிற்றல்' நீளம்தான், ஆனால் அம்மாமாருக்குக் கடிதம் அனுப்பினால் விளக்கம் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

---

அக்கா, பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் உங்கள் சொல்லே இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலுக்கு மட்டும் 'உடன்பயிற்றல்', 'உடன்பிறப்பு' போலச் சேர்த்தே எழுத வேண்டும் என்ற குறிப்போடு. பிரித்து எழுதினால்தான் நீங்கள் சொல்லும் குழப்பம். ஐயா, 'ஒப்பா'ரை விட மனம் வருகிறதா?