தங்கைக்கு மடிக்கணினி: புதியதா, பழையதா?

நண்பர்களே, தங்கை கணினி அறிவியல் பொறியியலில் சேர்ந்திருக்கிறாள். கையில் இருப்பது 35,000 ரூபாய். அதற்கு மேல் அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விசாரித்தேன். புதியதில் 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) தான் கிடைக்கிறது. அதுவும் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. பின்னால் கூட்ட முடியாது. செயலிகள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்தால் மூச்சுத் திணறும். அதே விலைக்குள் அலுவலகங்களில் ஓடிய பழைய திங்க்பேட் (லெனோவோவின் மடிக்கணினி), 16 ஜிபியுடன் கிடைக்கிறது. விசைப்பலகை அவ்வளவு அருமை! விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லாத, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ளதைத் தொடப்போவதில்லை.

பழையதன் பக்கம்தான் சாய்கிறேன். பயமெல்லாம் பேட்டரியும் திரையின் கீல்களும்தான். கடையில் நின்றபடியே இவற்றை எப்படிச் சோதிப்பது? எத்தனை மாத உத்தரவாதம் கேட்கலாம்? பழையது வாங்கி நான்கு ஆண்டுப் படிப்பை முடித்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது.