ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகம்: நான்கு முடித்த பிள்ளையிடம் உடனே கொடுக்கலாமா?

தேன்சிட்டு:

(கதை முடிவெல்லாம் பேசப்போகிறோம். ஐந்தாம் பாகம் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

ஒன்பது முடிந்து பத்து நடக்கும் பிள்ளை. முதல் நான்கு பாகங்களும் அடுத்தடுத்து முடிந்தாயிற்று. இனி 'ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்'. "ரொம்ப இருண்ட பாகம், கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்கள் சிலர். "தொடரிலேயே இதுதான் உச்சம், தடுக்காதீர்கள்" என்கிறார்கள் வேறு சிலர். இன்னும் சிலருக்கு இதில் வரும் ஹாரியைக் கண்டாலே ஆகவில்லை, எப்போது பார்த்தாலும் கத்திக்கொண்டே இருக்கிறான் என்கிறார்கள். ஒரே புத்தகத்தைப் பற்றி ஏன் இத்தனை விதமான பேச்சு?

எத்தனை வயதுக்கு ஏற்றது என்ற பொதுக் கணக்கு எனக்கு உதவாது. எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது, பிள்ளைகள் எங்கே தடுக்கி நிற்பார்கள், கூட உட்கார்ந்து வாசித்தால் எங்கே நிறுத்தலாம், இதெல்லாம் தெரிந்தால் போதும். சாவு ஒன்று வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்பதிலும் குழப்பம்.

ஏட்டுச்சுவடி:

விதவிதமான பேச்சுக்கு முதல் காரணம் தேதிகளில் இருக்கிறது. முதல் பாகம் 1997 ஜூனில் வந்தது. நான்காவது 2000 ஜூலை, ஐந்தாவது 2003 ஜூன். இந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் ஏறக்குறைய மூன்று வருடம். பதினோரு வயதில் முதல் பாகத்தைக் கையில் எடுத்தவருக்கு ஐந்தாவது வந்தபோது பதினேழு வயது. அவர்கள் ஹாரியோடு வளர்ந்தார்கள், சொல்லப்போனால் அவனை முந்திக்கொண்டு வளர்ந்தார்கள். இன்றைக்கு ஏழு பாகமும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பதினோரு வயது ஹாரியிடமிருந்து பதினைந்து வயது ஹாரியிடம் ஒரு பிள்ளை மூன்றே மாதத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. "உச்சம்" என்பவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதில் படித்தவர்கள், "பொறுங்கள்" என்பவர்கள் சின்ன வயதில் படித்தவர்கள் அல்லது பெற்றோர்கள். கேட்டுப் பாருங்கள்.

இனி அத்தியாயங்கள். பெரியவர்கள் 35ஆம் அத்தியாயத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள், ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் சாவது அதில்தான். என் கணிப்பில் இந்த வயதுக்கு அதைவிடக் கனமானது 13. அம்ப்ரிட்ஜ் என்ற ஆசிரியை ஹாரியை மாலையில் தன் அறைக்கு வரச்சொல்லி, தான் பொய் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுத வைக்கிறார். கொடுக்கும் பேனாவுக்கு மை கிடையாது. தாளில் விழுவது அவன் ரத்தம். எழுதும் வரி அப்படியே அவன் புறங்கையில் கீறலாக விழுகிறது, ஆறுகிறது, மறுபடி விழுகிறது. அறையெங்கும் லேஸ் விரிப்புகள், சுவரில் பூனைக்குட்டி படம் போட்ட தட்டுகள். குரலை உயர்த்தவே மாட்டார். டிராகனும் ராட்சதச் சிலந்தியும் வேறு உலகத்துச் சங்கதி என்று பிள்ளைக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே தண்டிக்கிற ஆசிரியை அப்படியல்ல.

அதைவிட முக்கியம், ஹாரி இதை மறைக்கிறான். கையைப் பார்த்துவிட்ட நண்பன் ரான், அவர்கள் விடுதிப் பொறுப்பாசிரியை மெக்கோனகலிடம் போய்ச் சொல் என்கிறான். அம்ப்ரிட்ஜுக்கு அந்தத் திருப்தியைக் கொடுக்க மாட்டேன் என்று ஹாரி வீம்பாக இருந்துவிடுகிறான். இங்கே மட்டும் கட்டாயம் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் யாரிடம் சொல்லியிருக்கலாம்?" அறிவுரை எதுவும் வேண்டாம், கேள்வியோடு விட்டுவிடுங்கள். 15ஆம் அத்தியாயத்தில் தோழி ஹெர்மயனி ஒரு கிண்ணத்தில் மர்ட்லாப் கரைசல் கொண்டுவந்து கையை ஊறவைக்கச் சொல்கிறாள். எரிச்சல் அடங்கும் அந்த இடம் வாசிக்கிற பிள்ளைக்கும் பெரிய ஆறுதல், அதுவரை போய்விட்டு அன்றைய வாசிப்பை முடிக்கலாம்.

மற்ற இடங்கள் சுருக்கமாக. 1இல் மகிழ்ச்சியை உறிஞ்சும் டிமென்டர்களின் தாக்குதல், மூன்றாம் பாகம் படித்த பிள்ளைக்குப் பழகியதுதான். 9இல் ரானின் அம்மா திருமதி வீஸ்லியின் முன்னால், எதிரில் இருப்பவர் அஞ்சுவதாக உருமாறும் ஒரு பொகார்ட், அவர் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செத்துக் கிடப்பதுபோல் உருமாறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் இதைச் சட்டென்று கடந்துவிடுவார்கள், கூட வாசிக்கும் தாய்தகப்பனுக்குத்தான் தொண்டை அடைக்கும். 21இல் பாம்பின் கண்வழியே ரானின் அப்பா கடிபடுவதைப் பார்ப்பது, படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். 28இல் ஹாரியின் அப்பா, தன் பதினைந்து வயதில், வேடிக்கைக்காக, உடன் படித்த ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்தியவர் என்று தெரிகிறது. நான்கு பாகமாகக் கட்டி எழுப்பிய அப்பாவின் உருவம் சரிகிற இடம். சாவே இல்லாத இந்த அத்தியாயம் சில பிள்ளைகளை நாள்கணக்கில் அரிக்கும்.

நீலமணி:

ஹாரி கத்துவதைப் பற்றிக் கொஞ்சம்.

4ஆம் அத்தியாயத்தில் நண்பர்களைப் பார்த்ததும் வெடிக்கிறான். ஆங்கிலப் பதிப்பில் அந்த வசனங்கள் முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கும். 37இல் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரின் அறையில் கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு உடைக்கிறான். "பொறுக்க முடியவில்லை" என்ற குறை பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான். நடுவிலும் எரிந்து விழுகிறான், உண்மைதான்.

ஆனால் முந்தின ஜூனில் நடந்ததைக் கையோடு வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். சக மாணவன் செட்ரிக் அவன் கண்முன்னால் கொல்லப்பட்டான். அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆகஸ்டில் கதை தொடங்குகிறது. கோடை முழுக்க யாரும் அவனுக்கு ஒரு விவரமும் சொல்லவில்லை, பத்திரிகை அவனைப் பொய்யன் என்கிறது, டம்பிள்டோர் முகம்கொடுத்துப் பார்ப்பதில்லை. துக்கம் அழுகையாகத்தான் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், பதினைந்து வயதில் அது கோபமாக வருகிறது. நூலாசிரியர் ரௌலிங் இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். தெஸ்ட்ரல்களை வைத்தே பார்க்கலாம். சாவைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குதிரைகள் தெரியும். 10ஆம் அத்தியாயத்தில் பள்ளி வண்டியை அவை இழுத்து வருவதை ஹாரி முதன்முறையாகப் பார்க்கிறான், பக்கத்தில் நிற்கும் ரானுக்குத் தெரியவில்லை. நான்காம் பாகத்தின் முடிவிலேயே ஏன் தெரியவில்லை என்று வாசகர்கள் கேட்டதற்கு, அந்தச் சாவு அவனுக்குள் இறங்க நாளாகும் என்பதுதான் ரௌலிங் சொன்ன விளக்கம்.

சத்தமாக வாசிப்பவர்களுக்கு ஒன்று. அந்தப் பெரிய எழுத்து வசனங்களை உண்மையிலேயே கத்தி வாசித்தால் இரண்டு பத்தியில் உங்கள் தொண்டை போய்விடும், பிள்ளைக்கும் ஹாரிமேல் எரிச்சல்தான் வரும். குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தபடி, வேகமாக வாசியுங்கள். கோபத்துக்கு அடியில் கிடக்கும் பயம் அப்போதுதான் காதில் விழும்.

வெண்தாழை:

ஏட்டுச்சுவடி சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைப் பாதியில் போடுவது இருளால் மட்டும் இல்லை, நீளத்தால். பிரிட்டன் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், 17 அத்தியாயம். ஐந்தாவது 766 பக்கம், 38 அத்தியாயம். தொடரிலேயே நீளமானது இதுதான். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 2,57,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் வீதம் சத்தமாக வாசித்தால் இருபத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் அரை மணி என்றால் இரண்டு மாதம். பெரியவர் மூன்று நாளில் முடித்துவிட்டு மூச்சுவிடுகிற இறுக்கத்துக்குள் பிள்ளை இரண்டு மாதம் குடியிருக்க வேண்டும். நாள்பட்ட அந்த இறுக்கம்தான் அலுப்பாக வெளியே வரும், "போர்" என்று புத்தகத்தை மூடிவைக்கும்.

அதனால் மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 9 வரை முதல் துண்டு. பள்ளி இன்னும் திறக்கவில்லை, பேச்சு அதிகம், இங்கேதான் சலிப்பு வரும், நாளைக்கு ஒரு அத்தியாயம் வீதம் விரட்டிவிடுங்கள். 10 முதல் 23 வரை இரண்டாவது. 16இலிருந்து 18 வரை பிள்ளைகளே ரகசிய வகுப்பு தொடங்கும் பகுதி இதன் நடுவில் வருகிறது. அம்ப்ரிட்ஜால் வந்த புழுக்கம் அங்கே விலகும், அதற்கு முன்னால் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 24 முதல் 33 வரை மூன்றாவது. இதில் 29ஆம் அத்தியாயம், ரானின் அண்ணன்கள் ஃப்ரெட்டும் ஜார்ஜும் துடைப்பத்தில் ஏறிப் பறந்துபோவது, சோர்ந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்திவிடும்.

34 முதல் 38 வரை துண்டு போடக் கூடாது. ஒரு விடுமுறை நாளில் காலையில் உட்கார்ந்து சேர்த்து முடியுங்கள். 35 சாவோடு அறுந்து நிற்கிறது. அங்கே புத்தகத்தை மூடித் தூங்கப்போனால் பிள்ளை இரவெல்லாம், சிரியஸ் விழுந்து மறைந்த அந்தத் திரையின் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கும்.

சாவை முன்கூட்டியே சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். பெயரைச் சொல்லாமல் "ஹாரிக்கு ரொம்ப வேண்டிய ஒருவர் இதில் இறந்துபோகிறார்" என்று மட்டும் சொல்லலாம்.

நீலமணி:

வெண்தாழை, கடைசி விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். பெயர் சொல்லாமல் சொன்னால் பிள்ளை 38 அத்தியாயமும் ஆளாளுக்குச் சந்தேகப்பட்டபடி படிக்கும். 21இல் ரானின் அப்பா அடிபடும்போது, இவர்தான் அவர் என்று நினைத்துவிடும். பிள்ளை தானாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சொல்லாதீர்கள்.

தேன்சிட்டு:

மூவருக்கும் நன்றி. இதுவரை தானாக எதுவும் கேட்கவில்லை, அதனால் நீலமணி சொன்னபடி விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். படத்தை முதலில் காட்டினால் அதிர்ச்சி குறையுமா? ஐந்தாவதைத் தள்ளிப்போடுவதென்றால், நான்காவதோடு நிறுத்தி வைப்பது சரியா?

வெண்தாழை:

நான்காவதோடு நிறுத்துவது நல்லதல்ல. ஹாரியின் பெற்றோரைக் கொன்ற வோல்டமார்ட் மறுபடி உடல் பெற்று எழுந்துவிட்டான், மந்திர அமைச்சர் நம்ப மறுக்கிறார், அத்தோடு முடிகிறது. பயத்தைக் கிளப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் விட்ட மாதிரி. நிறுத்தி வைக்கத் தோதான இடம் மூன்றாவதின் முடிவு, உங்கள் வீட்டில் அது தாண்டியாயிற்று. இனி மெதுவாக, கூட இருந்து, மேலே போவதுதான் வழி.

படம் 2007இல் வந்தது, 138 நிமிடம். தொடரின் மிக நீளமான புத்தகம் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்குவதற்காக எதைக் கழித்தார்கள் என்று பாருங்கள். 23ஆம் அத்தியாயத்து மருத்துவமனை இல்லை, தன்னோடு பேசுவதற்காகச் சிரியஸ் ஹாரிக்குக் கொடுத்த கண்ணாடி இல்லை. துக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற இடங்கள் பல போய்விட்டன, அதிர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது. சிரியஸ் சாவும் வேறு மாதிரி. புத்தகத்தில் வோல்டமார்ட்டின் ஆளான பெல்லாட்ரிக்ஸ் என்ன மந்திரம் போட்டாள் என்பதே வருவதில்லை, ஒளிக்கீற்று நெஞ்சில் படுகிறது, அவர் திரை தொங்கும் ஒரு வளைவுக்குப் பின்னால் சாய்ந்துவிடுகிறார். படத்தில் கொலை மந்திரத்தையே உரக்கச் சொல்கிறாள். புத்தகம் முடிந்த பிறகு படம், அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:

வெண்தாழை அந்த மருத்துவமனை அத்தியாயத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று, நான் விட்டுவிட்டேன். இந்தப் பாகத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பக்கம் அதில்தான் இருக்கிறது. ஹாரியோடு படிக்கும் நெவிலின், சித்திரவதையில் நினைவு தப்பிப்போன அம்மா மெல்ல நடந்து வந்து மகன் கையில் ஒன்றை வைக்கிறார். வெறும் சூயிங்கம் உறை. அதைக் குப்பையில் போடு, இதுவரை தந்ததை வைத்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டலாம் என்கிறார் பாட்டி. நெவில் அதை யாருக்கும் தெரியாமல் சட்டைப்பைக்குள் நழுவவிடுவதை ஹாரி பார்க்கிறான். பிள்ளை ஏன் என்று கேட்டால் விளக்காதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் சரியான பதில் வரும்.

பிள்ளைகள் 35க்குப் பிறகு கேட்பது வேறு. "உடம்பு எங்கே? மந்திரத்தால் திரும்பி வர மாட்டாரா?" சிரியஸுக்கு உடலும் இல்லை, இறுதிச் சடங்கும் இல்லை. வாசகர்கள் பலருக்கு இந்தச் சாவு ஏமாற்றமாக, ஏதோ விபத்து மாதிரித் தோன்றுவதற்கு அதுவே காரணம். 38இல் ஹாரியும் அதே நம்பிக்கையோடு கண்ணாடியில் கூப்பிட்டுப் பார்க்கிறான், பதில் இல்லை. பிறகு பேய் நிக்கிடம் போய்க் கேட்கிறான், சிரியஸ் திரும்ப மாட்டார் என்கிறார் அவர். இந்த இரண்டையும் தாவிவிடாதீர்கள், பிள்ளையின் கேள்விக்குப் புத்தகமே பதில் சொல்கிற இடங்கள் இவை.

அதற்கு அப்புறம் அதே பள்ளியில் படிக்கும் லூனா வருகிறாள். மற்றவர்கள் ஒளித்துவைத்த தன் பொருள்களைத் தேடி அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதில் அம்மாவை இழந்தவள். உங்கள் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இன்னமும் சில நேரம் வருத்தமாகத்தான் இருக்கும் என்கிறாள், திரைக்குப் பின்னால் குரல்கள் கேட்டதை ஹாரிக்கு நினைவூட்டுகிறாள். அவள் போன பிறகு ஹாரியின் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்குகிறது. ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும், அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஆறாவதைக் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அதன் 27ஆம் அத்தியாயத்தில் இன்னொரு சாவு வருகிறது. அங்கே உடல் இருக்கிறது, 30இல் இறுதிச் சடங்கும் முழுதாக நடக்கிறது.